தாத்தாவும் சண்டிக் கோயிலும்

“சண்டி மாடு பார்த்திருக்கேன். அது என்ன சண்டிக் கோயில்?” என்று கேட்டார் தாத்தா. பழங்காலக் கோயிலை மலாய்மொழியில் ‘சண்டி’ என்பார்கள் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. ஆனாலும், வேட்டி கட்டி, தேங்காய், வாழைப்பழம், கற்பூரம் எல்லாம் பையில் போட்டுக்கொண்டு எனக்கு முன்பே மகிழுந்தில் ஏறிவிட்டார்.

தாத்தா புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். நாள்தோறும் விடியலில் ஜெராய் மலையைப் பார்த்தவர், அதன் அடிவாரத்திலுள்ள பூஜாங் பள்ளத்தாக்குக்கு ஒருநாளும் போனதில்லை.

சுங்கை பட்டாணியைக் கடந்து மெர்போக்கிலுள்ள அரும்பொருளகத்தை அடைந்தோம். படிகளில் ஏறி, ஆற்றோரம் நிற்கும் சண்டி புக்கிட் பத்து பஹாட்டின் முன் நின்றோம். தஞ்சைக் கோபுரத்தை எதிர்பார்த்து அண்ணாந்த தாத்தாவுக்கு வானம்தான் தெரிந்தது.

“கூரை எங்கேப்பா?”

தூண் நட்ட குழிகளுடன் வட்டக் கற்கள் வரிசையாக இருந்தன. தூண்கள் மரத்தால் ஆனவை. மழையும் கறையானும் விட்டுவைக்குமா?

“கடாரம் கொண்ட ராஜேந்திர சோழன் ஒரு கூரையைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம்!” என்றார் தாத்தா. 1025-ஆம் ஆண்டு படையெடுத்து வந்தவனிடம் கேட்கவேண்டிய கேள்விதான்!

1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் இங்கு அகழாய்வு செய்தார். பின்னர் 1960-ஆம் ஆண்டளவில் கோயிலைச் சீரமைத்தபோது, குழி குடைந்த கற்பெட்டிகள் கிடைத்தன. “உங்க பாட்டியின் அஞ்சறைப்பெட்டி மாதிரி” என்றார் தாத்தா.

திரும்பும்போது, 2013-ஆம் ஆண்டு வீடமைப்புக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது இப்பள்ளத்தாக்கின் 11-ஆம் எண் சண்டி இடிக்கப்பட்ட செய்தியைச் சொன்னேன். தாத்தா சிரிக்கவில்லை. குனிந்து, தூண்குழி ஒன்றில் கிடந்த சருகுகளை விரலால் அள்ளி வெளியே போட்டார்.

“நாங்கதான் கப்பலேறி முதல்ல வந்தவங்கன்னு நினைச்சேன். நமக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இங்கே விளக்கேத்தியிருக்காங்க.”

கற்பூரம் ஏற்றலாமா என்று காவலரிடம் கேட்டார். அவர் புன்னகையுடன் தலையை ஆட்டி மறுத்தார். அதற்குள் ஒரு குரங்கு பைக்குள் கைவிட்டு, வாழைப்பழச் சீப்போடு மரமேறியது.

“போகட்டும் விடு” என்றார் தாத்தா. “இன்னிக்குப் படையல் முடிஞ்சது.”