பேத்தி கேட்ட பொம்மை

இவ்வாண்டு மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, தலபுராணச் செய்தி ஏதேனும் எழுதலாம் என்றே எண்ணியிருந்தேன். ஆனால் சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் இல்லத்தில் எழுந்த ஒரு சிறு பூசல் மனத்தை விட்டு அகலவில்லை. பேரப்பிள்ளைகளை உடைய அன்பர்கள் பலருக்கும் இது நேர்ந்திருக்கக்கூடும் என்பதால் அதனையே எழுதத் துணிந்தேன்.

ஒன்பது வயதுப் பேத்தி ஒரு பொம்மை கேட்டாள். அதன் பெயர் லபுபு. முயல் காது, உருண்டைக் கண், வாய் கொள்ளாத கூரிய பற்கள். பார்த்த மாத்திரத்தில், கண்ணேறு படாமல் இருக்கக் கட்டித் தொங்கவிடும் பூசணிக்காய்தான் என் நினைவுக்கு வந்தது. “இந்தப் பூதத்திற்கா இத்தனை காசு?” என்றேன். குழந்தையின் முகம் சுருங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற என் மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்பார்வையின் பொருளைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் பொம்மையைப் பற்றிச் சில செய்திகள். ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த காசிங் லங் என்னும் ஓவியர், வட ஐரோப்பியப் பழங்கதைகளில் வரும் குட்டிப் பூதங்களை மனத்திற்கொண்டு 2015இல் வரைந்த படக்கதைகளில் தோன்றியது இவ்வுருவம். 2019இல் பாப் மார்ட் என்னும் சீன நிறுவனம் இதனைப் பொம்மையாக விற்கத் தொடங்கியது. 2024இல் லிசா என்னும் தாய்லாந்துப் பாடகி இதைத் தம் கைப்பையில் தொங்கவிட்ட பிறகு, நம் வட்டாரமெங்கும் பெரியவர்களே வரிசையில் நின்றார்கள். வரிசை நமக்குப் புதிதன்று. 2000ஆம் ஆண்டில் ஹலோ கிட்டி பொம்மைக்காகச் சிங்கப்பூரர்கள் இரவெல்லாம் விரைவுணவுக் கடை வாசலில் காத்திருந்ததை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம்.

விளையாட்டுப் பொருளை அற்பம் என்று ஒதுக்குவது தமிழ் மரபும் அன்று. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் மூன்று சக்கரச் சிறுதேர் உருட்டுகிறார்கள். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் தெய்வத்தையே குழந்தையாக்கி, அதன் கையில் சிறுபறையும் அம்மானையும் கொடுத்தார்கள். ஆகவே ‘பொம்மை எதற்கு’ என்ற வினாவுக்கு இங்கே இடமில்லை. நமக்குப் பிடிக்காத, விலை மிகுந்த ஒரு பொம்மையைக் குழந்தை கேட்டால் என் செய்வது என்பதே வினா.

இதில் நான் ஒருமுறை தோற்றவன். 1997இல் தமகோச்சி என்றொரு முட்டை வடிவ மின்னணுப் பொம்மை இங்கு வந்தது நினைவிருக்கலாம். அதற்குள் ஒரு குஞ்சு இருக்கும். பொத்தானை அழுத்தி உணவூட்ட வேண்டும், துப்புரவு செய்ய வேண்டும், கவனிக்காவிட்டால் இறந்துபோகும். நான் பணியாற்றிய பள்ளியில் மாணவர்களிடமிருந்து அவற்றைப் பிடுங்கி ஆசிரியர் மேசையின் இழுப்பறையில் பூட்டி வைப்போம். பாடம் நடக்கும்போது உள்ளேயிருந்து அவை கீச்சிடும்! என் மகள் அப்பொழுது தொடக்கநிலை நான்கில் படித்தாள். தனக்கும் ஒன்று வேண்டும் என்றாள். “உயிரில்லாத பொருளுக்குச் சோறூட்டுவதைவிட உன் தம்பிக்கு ஊட்டு” என்று சொல்லிவிட்டேன். என் மறுமொழி எனக்கே மிகவும் பிடித்துப்போய், ஆசிரியர் அறையிலும் உறவினர் வீடுகளிலும் அதனைச் சொல்லி மகிழ்ந்தேன்.

அவளுக்குத் திருமணமாகிப் பல்லாண்டுகள் கழித்து, ஏதோ பேச்சுவாக்கில் ஒரு செய்தி சொன்னாள். அவ்வாண்டில் ஒரு வாரம் முழுவதும் இடைவேளைக் காசில் நாள்தோறும் 50 காசைத் தோழி ஒருத்திக்குக் கொடுத்து, அவளுடைய தமகோச்சியை இடைவேளை முடியும்வரை கையில் வைத்திருந்தாளாம். நான் திகைத்துப்போய், “பசிக்கவில்லையா அம்மா?” என்றேன். “பசிகூடப் பெரிதாகத் தெரியவில்லை அப்பா. நீங்கள் அந்தப் பதிலை எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்களே, அதுதான்” என்றாள்.

கடையில் அவள் என்னைப் பார்த்த பார்வை அது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எதனால் இந்தப் பொம்மை எனக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். மூன்று காரணங்கள் தேறின.

முதலாவது, அது அழகாயில்லை. இக்காரணத்தைப் பேத்தியே மறுநாள் உடைத்துவிட்டாள். கோயிலுக்குப் போயிருந்தபோது கருவறை வாயிலில் நின்று, “தாத்தா, துவாரபாலகருக்கும் பல் வெளியேதானே நீட்டிக்கொண்டிருக்கிறது?” என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை. பொம்மையைத் தூக்கிக்கொண்டு திரியப்போவது நானும் அல்லேன். என் விருப்பு வெறுப்பை அவள்மேல் ஏற்றுவது முறையாகாது என்று அக்காரணத்தை அடித்துவிட்டேன்.

இரண்டாவது, விலை. ‘அந்தக் காசுக்கு ஓர் அன்னதான உபயம் செய்யலாமே’ என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கும் அதுவே தோன்றியது. ஆனால் சென்ற ஆண்டு நன்றாக இயங்கிக்கொண்டிருந்த கைப்பேசியை மாற்றியபோது இந்த உபயக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை. குழந்தையின் ஆசைக்கு எதிரே மட்டும் தருமத்தை நிறுத்தினால், அவள் வெறுக்கப்போவது பொம்மையை அன்று, தருமத்தை. கொடையாளர்களாகிய நாம் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மேலும் அவள் கையில் தீபாவளி அன்பளிப்பாக வந்த 140 வெள்ளி இருந்தது. அது அவள் பணம்.

மூன்றாவது காரணத்தை எழுதியபோதுதான் எனக்கே தெளிவு பிறந்தது. இப்பொம்மை பெரும்பாலும் மூடிய பெட்டியில் விற்கப்படுகிறது. ‘பிளைண்ட் பாக்ஸ்’ என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். பேத்தி கேட்ட வரிசையில் ஆறு நிறங்கள். எந்த நிறம் உள்ளே இருக்கிறதென்று காசு கொடுத்து உடைத்த பிறகே தெரியும். இவற்றோடு எப்போதாவது மட்டும் அகப்படும் மறைபொம்மை ஒன்றும் உண்டு. அது கிட்டும் வாய்ப்பு 72க்கு 1. எனக்குப் பிடிக்காதது பொம்மையின் பல் அன்று, இந்தப் பெட்டி. திருக்குறளில் சூது என்றே ஓர் அதிகாரம் வைத்த இனத்தவர் நாம். சீன அரசே 2023 ஜூன் மாதத்தில், எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இத்தகைய பெட்டிகளை விற்கலாகாது என்றும், அதற்கு மேற்பட்ட சிறார் வாங்கப் பெற்றோர் இசைவு வேண்டும் என்றும் நெறிமுறை வகுத்தது.

இதை அறிவுரையாகச் சொன்னால் ஒன்பது வயதுக்கு ஏறாது. முப்பத்தைந்து ஆண்டு கணிதம் கற்பித்தவன் அல்லவா? ஒரு தாயக்கட்டையை எடுத்துக்கொண்டு அவளுடன் அமர்ந்தேன். ஆறு பக்கம் உடைய கட்டை. அவளுக்கு வேண்டியது பச்சை. நான்கு விழுந்தால் பச்சை என்று வைத்துக்கொண்டோம். ஒரு பெட்டி 30 வெள்ளி என்று கணக்குக்காக ஒரு விலை குறித்தோம். நான்கு விழும்வரை உருட்ட வேண்டும், ஒவ்வோர் உருட்டுக்கும் 30 வெள்ளி எழுத வேண்டும். முதல் ஆட்டத்தில் ஒன்பதாம் உருட்டில் விழுந்தது: 270 வெள்ளி. அடுத்ததில் இரண்டே உருட்டு: 60 வெள்ளி. மூன்றாவதில் பதின்மூன்று: 390 வெள்ளி. பென்சிலை வைத்துவிட்டுத் தன் 140 வெள்ளியை நினைத்தாள் போலும்.

பெரியவர்களுக்காக மேலும் சிறிது கணக்கு. ஆறு பெட்டிகளைத் தனித்தனியே வாங்கினாலும், விரும்பிய நிறம் கிடைக்காமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. ஆறு நிறமும் சேர்வதற்குச் சராசரியாகப் பதினைந்து பெட்டிகள் ஆகும். 72 பெட்டிகள் வாங்கியவர்களிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 36 பேருக்கு மறைபொம்மை கிட்டாது.

அவ்வளவும் பார்த்த பிறகு குழந்தை என்ன கேட்டாள் தெரியுமா? “இரண்டாவது ஆட்டம் மாதிரி வந்துவிட்டால், தாத்தா?” பி.எஃப். ஸ்கின்னர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் புறாக்களை வைத்துச் செய்த ஆய்வில் கண்டது இதுவே. கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்துப் பழகிய புறா, தீனி நின்றால் விரைவில் ஓய்ந்துவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் பழகிய புறாவோ நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். இதை அவளிடம் சொன்னேன். “நான் புறா இல்லை” என்று கோபித்துக்கொண்டாள்.

இம்முறை நான் சிரிக்கவில்லை. பொம்மை வேண்டாம் என்று சொல்லவில்லை, பெட்டிதான் வேண்டாம் என்கிறேன் என்று விளக்கினேன். அதற்கு வழி சொன்னவள் என் மகள். கடையில் ஆறு பெட்டி அடங்கிய முழுத்தொகுதியாக வாங்கினால் ஒரே நிறம் இருமுறை வராது. மறைபொம்மை புகுந்தால் மட்டும் ஒரு நிறம் குறையலாம். பேத்தியும் அவளுடைய ஒன்றுவிட்ட சகோதர சகோதரிகள் மூவரும், பள்ளித் தோழியர் இருவருமாக அறுவர் சேர்ந்தார்கள். அவரவர் சேமிப்பிலிருந்து ஒரு பெட்டிக்கான பணம் போட்டார்கள். பெற்றோர் ஒப்புதலைத் தொலைபேசியில் பெறும் வேலை என் துணைவியாருக்கு.

எங்கள் வீட்டுக் கூடத்தில் பெட்டிகளைத் திறந்தார்கள். ஆறு நிறமும் வந்திருந்தன. நான் எதிர்பாராத சிக்கல், மூவருக்குப் பச்சை வேண்டியிருந்தது. அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது, ஒருத்தி அழுதாள். கடைசியில் பெரிய பையன் சீட்டுக் குலுக்கலாம் என்றான். சூதுக்கு எதிராக அத்தனை கணக்குப் போட்ட நானே சீட்டெழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று!

எங்கள் பேத்திக்கு வந்தது பழுப்பு. சிறிது நேரம் பேசாமல் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பள்ளிப் பையில் மாட்டிக்கொண்டாள். மீதமிருந்த 110 வெள்ளியை எண்ணி உண்டியலில் போட்டபோது, இன்னொரு தொகுதி வாங்கலாமா என்று கேட்பாளோ என அஞ்சினேன், இதுவரை கேட்கவில்லை. பொம்மை அழகாயிருக்கிறதா என்றும் அவள் என்னைக் கேட்கவில்லை. என் மகள் கேட்டாள். பழகிவிட்டது என்றேன்.