கிளாட்டிராமர் ஊசி: பயன்பாடு தந்த பாடங்கள்

மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் என்னும் கொழுப்புறையை உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே தாக்கிச் சிதைப்பது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய். அதற்குக் கொடுக்கப்படும் கிளாட்டிராமர் அசிடேட், குளூட்டமிக் அமிலம், லைசின், அலனின், டைரோசின் ஆகிய நான்கு அமினோ அமிலங்கள் நிலையான வரிசையின்றிக் கோக்கப்பட்ட செயற்கைப் பெப்டைடுகளின் கலவையாகும். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் மைக்கேல் செலா, ரூத் ஆர்னோன், துவோரா டைட்டெல்பாம் ஆகியோர் மயலினில் உள்ள ஒரு புரதத்தைப் போலச் செய்து, ஆய்வக விலங்குகளில் இந்நோயை ஒத்த நிலையை உண்டாக்கவே இத்தகைய பெப்டைடுகளைத் தயாரித்தனர்; அவையோ நோயைத் தூண்டாமல் அடக்கின. அமெரிக்காவில் 1996இல் ஒப்புதல் பெற்ற இம்மருந்து எதிர்ப்பாற்றலை முழுவதும் ஒடுக்குவதில்லை. அழற்சியை வளர்க்கும் டி-செல்கள் என்னும் நோயெதிர்ப்பு உயிரணுக்களின் போக்கை அழற்சியைத் தணிக்கும் பக்கம் திருப்புகிறது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

251 பேரிடம் நடந்து 1995இல் வெளியான ஆய்வில் நோய் மீண்டும் மீண்டும் தாக்கும் வீதம் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்தது. வராமற்போன தாக்குதலை நோயாளர் உணர வழியில்லை. ஊசி குத்திய இடத்தின் சிவப்பும் தடிப்பும் அரிப்புமோ கண்ணுக்கு நேரே தெரிகின்றன. மருந்தைப் பாதியில் கைவிடுவோர் பலரின் மனநிலை இதனால் விளங்கும். ஆகவே தோலைப் பேணுவதைச் சிகிச்சையின் ஓர் அங்கமாகவே கொள்வது பொருந்தும்.

வயிறு, தொடை, மேற்கையின் பின்புறம், இடுப்பின் பின்பக்கம் என இடத்தை மாற்றிக்கொண்டே போவதும், ஒரே புள்ளியில் ஒரு வாரத்திற்குள் மீண்டும் குத்தாதிருப்பதும் முதற்பாடம். வலி குறைவு என்பதற்காகப் பழகிய ஓரிடத்தையே நாடினால், அங்கே தோலடிக் கொழுப்பு கரைந்து குழி விழக்கூடும். அக்குழி பெரும்பாலும் மீண்டும் நிரம்புவதில்லை. நினைவை நம்புவதினும் நாட்காட்டியில் இடத்தைக் குறித்து வைப்பது பயன் தரும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஊசியை 20 நிமிடம் வெளியே வைத்தபின் போட்டால் எரிச்சல் குறைகிறது. போட்டபின் அவ்விடத்தைத் தேய்க்கலாகாது. விசையால் தானே குத்தும் கருவியைப் பயன்படுத்தும் மெலிந்த உடலினர், ஊசி இறங்கும் ஆழத்தைச் செவிலியரிடம் கேட்டுச் சரிசெய்துகொள்வது நல்லது. நாள்தோறும் 20 மில்லிகிராம் என்பதற்கு மாற்றாக, குறைந்தது 48 மணி நேர இடைவெளியுடன் வாரம் மும்முறை 40 மில்லிகிராம் போடும் முறை 2014இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றதும், குத்தல்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழாகக் குறைந்தது.

மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். உறைந்துபோனால் எறிந்துவிட வேண்டும். 30 பாகைக்கு மிகாத அறையில் ஒரு மாதம் வரை வைக்கலாம் என்னும் சலுகையைத் தமிழ்நாட்டுக் கோடையில் நம்பாதிருப்பதே மேல்.

ஊசி போட்ட சில நிமிடங்களில் முகம் சிவந்து, நெஞ்சு இறுகி, படபடப்பும் மூச்சுத்திணறலும் தோன்றும் எதிர்வினை சிலருக்கு உண்டு. பெரும்பாலும் சிறிது நேரத்தில் தானே அடங்கும் இது, முன்கூட்டி அறியாதவருக்கு மாரடைப்பெனத் தோன்றுமாதலால், முதல் ஊசிக்கு முன்பே நோயாளரிடமும் வீட்டாரிடமும் இதனை விளக்குவது மருத்துவரின் கடமை. ஆயினும் அனஃபிலாக்சிஸ் என்னும் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையும் இதே அறிகுறிகளுடன் தொடங்கலாம். அதனை முன்னிட்டு 2025 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இம்மருந்தின் குறிப்புத்தாளில் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. பல ஆண்டுகள் தொல்லையின்றிப் போட்டுக்கொண்டவருக்கும் அது நேர்ந்துள்ளமையால், அறிகுறிகள் அடங்காமல் வலுத்தாலோ, உடலெங்கும் தடிப்பு பரவினாலோ, மயக்கம் வந்தாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். காரணம் தெளியும்வரை அடுத்த ஊசியைப் போடலாகாது.