வார்டுக்குப் புதிதாய் வரும் தம்பிக்கு

தம்பி, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் வேலைக்குச் சேரப்போகிறாய். ஓபியாய்டு போதையை விட்டவன் படும் வேதனைக்கு எந்த மருந்து நல்லது என்று கேட்டாய். மருந்தைச் சொல்கிறேன், அதைக் கொடுக்கும் மனசைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

1. எதை எடுத்தான், கடைசியாக எப்போது எடுத்தான் என்று முதலில் கேள். 2018இல் டிரமடால் என்ற வலி மாத்திரை போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. இன்று அதற்குப் பதிலாக நம் மாநிலத்தில் பையன்கள் டேபென்டடால் வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றுகிறார்கள். கேட்கும்போது வீட்டாரை வெளியே இருக்கச் சொல். முக்கூடலில் பீடி சுற்றும் தாய் ஒருத்தி மகனைக் கூட்டிவந்தாள். அவள் பக்கத்தில் இருந்தவரை "ரெண்டு மாத்திரைதான்" என்றான். டீ வாங்க அவள் போனதும் பத்து என்றான். பொய் என்று முகம் சுளிக்காதே. அம்மா முன்னால் அவனுக்கு அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

2. கையில் இருப்பவற்றில் நான் முதலில் தேடுவது புப்ரெனார்பின். நாக்கின் அடியில் வைத்துக் கரைப்பது. வேதனை, தவிப்பு இரண்டையும் தணிக்கும். அளவு கூடினாலும் மூச்சை அடக்கும் ஆபத்து மற்ற ஓபியாய்டுகளைவிடக் குறைவு. ஆனால் சீக்கிரம் கொடுத்துவிட்டால், உடம்பில் மிச்சமிருக்கும் போதை மருந்தை அது தள்ளிவிட்டு, வேதனையை ஒரேயடியாக வரவழைக்கும். ஹெராயின் போன்றவற்றுக்குக் கடைசி ஊசியிலிருந்து 12 முதல் 24 மணி நேரம் பொறு. கொட்டாவி, வியர்வை, மூக்கில் நீர், விரிந்த கண்மணி, மயிர்க்கூச்சு எல்லாம் தெளிவாய்த் தெரியட்டும். இந்த வேதனையை அளக்கும் கவ்ஸ் என்ற அளவுகோலில் இப்படி 11 குறிகள் உண்டு. மதிப்பெண் 12ஐ நெருங்கட்டும். பையன் கதறுவான், தகப்பன் உன் கையைப் பிடிப்பான். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்கத்தான் வேண்டும். அந்த நேரம் முழுக்க நீ அவன் கட்டிலருகே இரு. காத்திருக்கச் சொல்கிறவன் கூடக் காத்திருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு மரியாதை.

3. புப்ரெனார்பின் கிடைக்காத இடத்தில் குளோனிடின். இரத்த அழுத்த மாத்திரைதான், விலை குறைவு. வியர்வை, படபடப்பு, நடுக்கம் அடங்கும். தூக்கமின்மை, மூட்டுக் குடைச்சல், ஏக்கம் அவ்வளவாய் அடங்காது. ஒவ்வொரு வேளைக்கும் முன் அழுத்தம் பார். கக்கூசுக்கு எழுந்தவன் மயங்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் புப்ரெனார்பினே முந்தி நிற்கிறது.

4. மெத்தடோனும் நல்ல மருந்து. ஆனால் உடம்பில் மெல்லத் தேங்கும், இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கலாம். நம் நாட்டில் சில மையங்களில்தான் கிடைக்கிறது.

5. இதை மட்டும் மறக்காதே: வேதனை தீர்ந்தது நோய் தீர்ந்ததாகாது. ஒரு வாரத்தில் முகம் தெளியும், வீட்டார் கும்பிட்டுக் கூட்டிப்போவார்கள். உடம்போ பழைய தாங்குசக்தியை இழந்திருக்கும். பழைய அளவை மறுபடி ஏற்றினால் மூச்சு நின்றுவிடலாம். அதனால் புப்ரெனார்பினை நிறுத்த அவசரப்படாதே. மாதங்கள், தேவையானால் வருடங்கள் தொடரட்டும். போதை ஏறாமல் தடுக்கும் நால்ட்ரெக்சோன் வேண்டுமென்றால் 7 முதல் 10 நாளாவது ஓபியாய்டு எதுவும் தொடாமல் இருந்திருக்க வேண்டும். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே மெத்தடோனையும் புப்ரெனார்பினையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது என்று சொல். பையன் ஊசி தொடாமல் வேலைக்குப் போவதையும் காட்டு.

6. சிலபேர் மறுபடி போதையில் விழுந்து திரும்பி வருவார்கள். முதல் நாள் பேசிய அதே குரலில் பேசு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டிடிகே மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை. நீயும் கூட வந்த தாயை உட்காரவைத்துப் பேசு. அவளும் தூங்கி நாளாகியிருக்கும்.

7. வீட்டுக்கு அனுப்பும்போது அடுத்த தேதியோடு 14446 என்ற இலவச உதவி எண்ணையும் சீட்டில் எழுதிக் கொடு. பஸ் ஏறுமுன் அந்தத் தாயிடம் அதை ஒருமுறை வாசித்துக் காட்டு, தம்பி.