குப்பைப் பிரிப்பும் நடத்தைப் பகுப்பாய்வும்

மைசூரு நகரின் மண்டி மொஹல்லா, வணிகமும் குடியிருப்பும் நெருங்கிக் கலந்த பழைய பகுதி. காய்கறிக் கழிவு, அட்டைப் பெட்டி, பிளாஸ்டிக் உறை, உடைந்த கண்ணாடி ஆகிய யாவும் ஒரே பையில் தெருவுக்கு வருமாயின், அவற்றைப் பிரிக்கும் வேலை மறைந்துவிடுவதில்லை. அது பௌரகார்மிகர் எனக் கர்நாடகத்தில் அழைக்கப்படும் தூய்மைப் பணியாளரின் கைகளுக்கு மாறுகிறது. இவர்களுள் மிகப் பலர் பட்டியல் சாதியினர். ஆகவே சுற்றுச்சூழல் பிரச்சினை இங்கே சமூக நீதிப் பிரச்சினையுமாகும்.

மனப்பான்மை மாறினால் பழக்கம் மாறும் என்பது பொதுவான நம்பிக்கை. ஸ்கின்னரின் வழிவந்த நடத்தைப் பகுப்பாய்வு வேறு கேள்வி கேட்கிறது: செயலுக்கு முன் என்ன சூழ்நிலை இருந்தது? செயலுக்குப் பின் என்ன விளைந்தது? இம்முறையைச் சமூகப் பயன்பாட்டிற்குக் கொணரும் நெறிகளை பேயர், உல்ஃப், ரிஸ்லி ஆகிய மூவரும் 1968இல் வகுத்தனர். 1971இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்கத் திரையரங்குகளில் சிறுவர்கள் குப்பை போடுவது கவனிக்கப்பட்டது. குப்பைத் தொட்டிகளைப் பெருக்கியதும் விளம்பரப் படம் காட்டியதும் சிறிதே பயன் தந்தன. நிரப்பிய பைக்குச் சிறு காசு கொடுத்தபோது குப்பையின் பெரும்பகுதி திரும்பி வந்தது.

கலந்த குப்பையை வெளியே எறிபவருக்கு வீடு உடனே தூய்மையாகிறது. அதுவே அவருக்கு வெகுமதி. தீங்கோ காலந்தாழ்ந்து, வேறொருவர் மீது விழுகிறது. அபராதம் இதனைத் திருத்துமா? தண்டனைக்கு அஞ்சுவோர் பல வேளைகளில் தவறை விடுவதில்லை; இருளில் தெருமுனையில் கொட்டக் கற்றுக்கொள்கின்றனர். ஒற்றை அறையில் வாழும் குடும்பத்திற்கு இரண்டு கூடைகள் வைக்க இடமேது என்பதையும் அதிகாரிகள் எண்ண வேண்டும். குறித்த நேரத்தில் தவறாது வரும் தள்ளுவண்டி அபராதச் சீட்டைவிட வலிமையான தூண்டுதலாகலாம்.

2016ஆம் ஆண்டுத் தூய்மைக் கணக்கெடுப்பில் 73 நகரங்களுள் மைசூரு முதலிடம் பெற்றது. கும்பாரகொப்பலில் குப்பை வகைபிரிக்கப்பட்டு, மறுபயன்பாட்டுப் பொருள்கள் விற்கப்பட்டன. எனினும் வித்யாரண்யபுரத்தில் பல்லாண்டுக் குப்பை மலையாகக் குவிந்து, அதன் நாற்றத்தை அக்கம்பக்கத்தார் தாங்கினர். தரவரிசையும் ஒரு வெகுமதியே. அதிகாரியின் நடத்தையும் நடத்தைதான். எது அளக்கப்படுகிறதோ அதுவே கவனம் பெறும்.

மண்டி மொஹல்லா போன்ற பகுதியில் மாணவர்கள் எளிய ஆய்வொன்றைத் தொடங்கலாம். சில வாரங்கள் தெருவாரியாகக் கலந்த பைகளை மட்டும் எண்ணுக. பின்னர் எண்ணிக்கையை அந்தந்தத் தெருவிலேயே எழுதி வைக்குக; யார் வீடு என்பது வேண்டா. சிறிது காலம் அறிவிப்பை நிறுத்திப் பார்த்தால், மாற்றம் அறிவிப்பால் வந்ததா, தற்செயலா என்பது விளங்கும். அதே பதிவேட்டில் பணியாளர் கைகளில் ஏற்பட்ட வெட்டுக் காயங்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்கப்பட வேண்டும்.