டர்போ காருக்கு வலுவான கிளட்ச்: தேர்வுக்கு ஒரு வழிகாட்டி

ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ காரின் ஏழாம் தலைமுறையில் இடம்பெற்ற 220 குதிரைத்திறன் கொண்ட 2.0 லிட்டர் டர்போ எஞ்சின், நிமிடத்துக்கு 1500 சுழற்சியிலேயே 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை எட்டி, 4400 சுழற்சி வரை அதைத் தளரவிடாமல் காக்கிறது. அதனோடு இணையும் ஆறு கியர் மேனுவல் பெட்டியோ, தான் ஏற்கத்தக்க உச்ச முறுக்குவிசையின் அளவைப் பெயரிலேயே தாங்கிய எம்க்யூ350 ஆகும். எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினியில் உள்ள நிரலை மாற்றி எழுதி, டர்போவின் காற்றழுத்தத்தைக் கூட்டும் ரீமேப் என்னும் பணி முடிந்ததும், இத்தகைய காரில் முதலில் தோற்பது பெரும்பாலும் எஞ்சினோ கியர்பாக்ஸோ அன்று. இரண்டுக்கும் நடுவே நின்று உராய்வின் பிடியால் மட்டுமே விசையைக் கடத்தும் கிளட்ச்தான்.

கிளட்ச் தாங்கும் முறுக்குவிசை, அதாவது தண்டைத் திருப்பும் வலிமை, நான்கு காரணிகளின் பெருக்கற்பலனாகும்: கிளட்ச் பிளேட்டின் உராய்வுக் கெழு, பிரஷர் பிளேட் அதை ஃப்ளைவீலோடு அழுத்தும் விசை, உராய்வுப் பரப்பின் சராசரி ஆரம், உராயும் பரப்புகளின் எண்ணிக்கை. வெளிவிட்டம் 240 மில்லிமீட்டரும் உள்விட்டம் 155 மில்லிமீட்டரும் உள்ள ஒரு பிளேட்டில் சராசரி ஆரம் ஏறத்தாழ 99 மில்லிமீட்டர் ஆகும். உராய்வுக் கெழுவை 0.3 என்றும், அழுத்தும் விசையை 7000 நியூட்டன் என்றும் எடுத்துக்கொண்டால், முன்னும் பின்னுமாக இரு பரப்புகளைக் கொண்ட அந்த ஒற்றைப் பிளேட் ஏறத்தாழ 416 நியூட்டன் மீட்டர் வரை வழுக்காமல் தாங்கும். இது 350 நியூட்டன் மீட்டர் எஞ்சினுக்கு அடக்கமான கையிருப்பு; ரீமேப்புக்குப் பின் 430 நியூட்டன் மீட்டர் வந்தால் அந்தக் கையிருப்பு முழுவதும் கரைந்து, பிளேட் வழுக்கத் தொடங்கும்.

இங்குப் பலரும் செய்யும் பிழை, குதிரைத்திறனைக் கொண்டு கிளட்சைத் தேர்வது. கிளட்சுக்குத் தெரிவது முறுக்குவிசை மட்டுமே. 220 கிலோவாட் திறனை 7000 சுழற்சியில் தரும் எஞ்சின் அந்த வேகத்தில் கிளட்சின் மீது ஏற்றும் முறுக்குவிசை 300 நியூட்டன் மீட்டர்தான். அதே திறனை 4000 சுழற்சியில் தரும் எஞ்சினோ 525 நியூட்டன் மீட்டரை ஏற்றுகிறது. குறைந்த சுழற்சியிலேயே காற்றழுத்தத்தைக் கூட்டிவிடும் சிறிய டர்போக்கள் ஏன் கிளட்சை இவ்வளவு விரைவில் சோர்வடையச் செய்கின்றன என்பதற்கு இந்தக் கணக்கே விடை. வழுக்கலை அறியும் முறையும் இதிலிருந்தே பிறக்கிறது: நான்காம் அல்லது ஐந்தாம் கியரில், 2500 சுழற்சியை ஒட்டிய நிலையில் ஆக்ஸிலரேட்டரை முழுமையாக அழுத்தும்போது, சுழற்சி முள் மட்டும் துள்ளி ஏற, வேகம் அதற்கு இணையாக ஏறாவிடில் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். கீழ்க் கியர்களில் வண்டி எளிதில் முந்திச் செல்வதால் உயர்ந்த சுமை நீடிப்பதில்லை. ஆகவே அங்கே இக்குறை மறைந்தே இருக்கும்.

எனவே தேர்வின் முதற்படி, மாற்றத்துக்குப் பிந்தைய உச்ச முறுக்குவிசையை டைனோ என்னும் அளவைப் பொறியில் அறிந்து, அதற்கு மேல் 20 முதல் 25 விழுக்காடு வரை கூட்டிக்கொள்வது. மேற்கூறிய 430 நியூட்டன் மீட்டருக்கு இது 516 முதல் 538 வரை ஆகிறது. சூடேறும்போது உராய்வுக் கெழு குறைவதாலும், பிளேட் தேயத் தேய அழுத்தும் விசை மாறுவதாலும் இந்தக் கையிருப்பு தேவைப்படுகிறது; அதற்கு மேல் சேர்ப்பது பாதுகாப்பைக் கூட்டாமல் ஓட்டும் இதத்தை மட்டுமே குறைக்கும். விற்பனைப் பெட்டிகளின் மேல் காணப்படும் ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2 என்னும் எண்களுக்குப் பொதுத் தரம் ஏதும் இல்லை. ஒரு தயாரிப்பாளரின் இரண்டாம் நிலை மற்றொருவரின் முதல் நிலையைவிட மென்மையாகவும் இருக்கலாம் என்பதால், நியூட்டன் மீட்டரில் தாங்குதிறனை எழுதித் தராத பொருளை விலக்கிவிடுவதே முறை.

தாங்குதிறனைக் கூட்டும் வழிகளுள் எளியது, அசல் வகையைச் சேர்ந்த ஆர்கானிக் பிளேட்டையே வைத்துக்கொண்டு, வலுவான டயாபிரம் ஸ்பிரிங் உள்ள பிரஷர் பிளேட்டைப் பொருத்துவது. அழுத்தும் விசையை 30 விழுக்காடு கூட்டினால் முந்தைய உதாரணத்தின் 416 நியூட்டன் மீட்டர் 540 ஆகிறது. பிடிக்கும் தன்மையோ அசலைப் போலவே வழுவழுப்பாக இருக்கிறது. இதற்கான விலையைக் கால் கொடுக்கிறது. பெடல் கனமாவதோடு, அதை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் ரிலீஸ் பேரிங் வழியாகக் கிராங்க் தண்டின் அச்சுத்திசை நகர்வைத் தடுக்கும் த்ரஸ்ட் பேரிங்கின் மீது கூடுதல் சுமை விழுகிறது. பழைய ஹைட்ராலிக் சிலிண்டர்களின் கசிவும் வெளிப்படுகிறது. சிக்னலில் கியரில் வைத்தபடி பெடலை மிதித்துக் காத்திருக்கும் பழக்கம் உள்ளவர் இவ்வழியில் மிதமான ஸ்பிரிங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இரண்டாம் வழி உராய்வுப் பொருளை மாற்றுவது. ஆர்கானிக் என்பது இழைகளைப் பிசினோடு சேர்த்து இறுக்கிய பொருள். மென்மையாகப் பிடிக்கும், ஆயினும் தொடர்ந்த சூட்டில் பிடியை இழக்கும். கெவ்லார் எனப்படும் அராமிட் இழை நெடுநாள் உழைக்கும், ஃப்ளைவீலையும் அதிகம் அரிக்காது. ஆனால் பழக்கும் காலம் நீண்டது, ஒருமுறை மிகையாகச் சூடாகிக் கண்ணாடிபோல் பளபளத்துவிட்டால் பழைய பிடிக்குத் திரும்புவது அரிது. செராமிக் கலந்த உலோகத் துண்டுகளைப் பதித்த பிளேட்டின் உராய்வுக் கெழு 0.4ஐ ஒட்டியது, அசல் ஸ்பிரிங்கோடும்கூட அது ஏறத்தாழ 555 நியூட்டன் மீட்டர் வரை தாங்கிவிடும், சூட்டையும் நன்கு பொறுக்கும். எனினும் அது பிடிக்கும்போது மெல்ல இறங்குவதில்லை, சட்டெனக் கவ்வுகிறது. ஹாஃப் கிளட்சில் ஊர்ந்து செல்லும் நெரிசலில் வண்டி அதிரும். மூன்று துண்டு, நான்கு துண்டு பிளேட்டுகளில் இந்த அதிர்வு மேலும் கூர்மையாகும். ஒருபுறம் ஆர்கானிக்கும் மறுபுறம் செராமிக்கும் அமைந்த கலப்புப் பிளேட்டுகள் இரண்டுக்கும் இடைப்பட்டவை. தினசரிப் பயன்பாட்டில் முதலில் ஆராயத்தக்கவை முழு வட்ட ஆர்கானிக்கும் இக்கலப்பு வகையுமே. எந்தப் பொருளாயினும், நடுவே சுருள் ஸ்பிரிங்குகள் அமைந்து எஞ்சினின் துடிப்பை உறிஞ்சும் ஹப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்பிரிங் இல்லாத இறுகிய ஹப் பந்தயத் தடத்துக்கு உரியது.

மூன்றாம் வழியான இரட்டைப் பிளேட் அமைப்பில் உராயும் பரப்புகள் நான்காகின்றன. எனவே மிகையான ஸ்பிரிங்கோ மூர்க்கமான உராய்வுப் பொருளோ இன்றியே தாங்குதிறன் இரட்டிக்கிறது, விட்டத்தைக் குறைக்கவும் இடம் கிடைக்கிறது. பெரிய டர்போ பொருத்தி 600 நியூட்டன் மீட்டரைக் கடப்பவர்க்கு நேர்மையான விடை இதுவே. உயர்ந்த விலையும், பெடலை மிதித்திருக்கும்போது நடுத்தட்டு எழுப்பும் கலகலப்பும் அதன் குறைகள். அந்த அளவை எட்டாத காருக்கு இது வீண் செலவு.

கிளட்சோடு சேர்த்தே ஃப்ளைவீலையும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இடையே சுருள்வில்லால் இணைந்த இரு பகுதிகளைக் கொண்ட டூயல் மாஸ் ஃப்ளைவீல், எஞ்சினின் துடிப்பைக் கியர்பாக்ஸுக்குச் செல்லவிடாமல் தடுக்கிறது. மிகை முறுக்குவிசையில் அந்த வில்கள் தம் எல்லையைத் தொட்டு உடையும் வாய்ப்பும் உண்டு. ஒற்றை நிறை ஃப்ளைவீல் உறுதியானது, ஆனால் நியூட்ரலில் கியர்களின் கடகடப்பு கேட்கும். நான்காம் தலைமுறைக் கோல்ஃபின் 1.8 லிட்டர் டர்போ உரிமையாளர்களிடையே, பழைய ஜி60 எஞ்சினின் ஒற்றை நிறை ஃப்ளைவீலோடு விஆர்6 எஞ்சினின் 228 மில்லிமீட்டர் கிளட்சைப் பொருத்தும் வழக்கம் வேரூன்றியது, அதே நிறுவனத்தின் உதிரிபாகங்களைக் கொண்டே உறுதியையும் மென்மையையும் ஒருங்கே பெற முடிந்ததால்தான். மிக இலேசான ஃப்ளைவீலைத் தேர்வோர், உராய்வின் சூட்டை உள்வாங்கும் நிறையையும் இழக்கிறார்கள். நகரச் சாலையில் அந்த இழப்பு முதலில் உணரப்படும்.

விளம்பரங்களில் அரிதாகவே பேசப்படும் ஒரு தெரிவும் உண்டு. 2000 முதல் 3500 சுழற்சி வரையிலான முறுக்குவிசையை மட்டும் ரீமேப்பிலேயே கட்டுப்படுத்தி, மேல் சுழற்சியில் திறனைப் பெறுமாறு எழுதச் செய்தால், அசல் கிளட்ச் இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர் உழைக்கக்கூடும். கியர்பாக்ஸின் எல்லை 350 நியூட்டன் மீட்டர் என்று பெயரிலேயே இருக்கும்போது, வழுக்கும் கிளட்ச் ஒருவகையில் அதற்கு ஃபியூஸாக நின்று காத்தது என்பதையும், வழுக்கவே வழுக்காத கிளட்ச் ஒவ்வொரு அதிர்ச்சியையும் கியர்ப் பற்களுக்கும் ஆக்ஸில்களுக்கும் அப்படியே அனுப்பும் என்பதையும் கருதினால், இந்தத் தெரிவின் மதிப்பு புலப்படும்.

கியர்பாக்ஸை இறக்கும் கூலி எந்தக் கிளட்சுக்கும் ஒன்றே என்பதால், ரிலீஸ் பேரிங், கிராங்க் தண்டின் பின்புற எண்ணெய் சீல், ஃப்ளைவீல் போல்ட்டுகள் ஆகியவற்றை அதே வேளையில் புதிதாக மாற்றிவிட வேண்டும். ஒற்றை நிறை ஃப்ளைவீலின் பரப்பைக் கடைந்து சமப்படுத்தலாம். டூயல் மாஸ் வகையைத் தயாரிப்பாளர்கள் கடையவிடுவதில்லை. பொருத்திய பின் 500 முதல் 1000 கிலோமீட்டர் வரை, முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல், நின்று கிளம்பும் நகர ஓட்டத்திலேயே பிளேட்டைப் பழக்க வேண்டும். ஒற்றை டர்போவும் ரீமேப்பும் மட்டுமே கொண்ட, நாள்தோறும் ஓடும் காருக்கு, 20 விழுக்காடு கையிருப்போடு மிதமாக வலுவூட்டிய பிரஷர் பிளேட்டும் ஸ்பிரிங் ஹப் அமைந்த முழு வட்ட ஆர்கானிக் பிளேட்டும் போதுமானவை.