புதிய கடல்நீர்த் தொட்டியில் மீன் மடிவது ஏன்?

கடல் அலங்கார மீன்களைத் தொட்டியில் வளர்த்து விற்பது கரையோரக் கிராமங்களுக்கு ஏற்ற உபதொழில் என்று நம் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கேள்வியுற்றிருப்பார்கள். கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கலாம் என்பதை மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபத்திலும், நமக்கு அண்மையிலுள்ள விழிஞ்ஞத்திலும் செய்து காட்டியுள்ளனர். ஆயின், ஒரு மாதர் குழு கடன் பெற்று முதன்முதலாகத் தொட்டி வைக்கும்போது நட்டம் நேர்வது பெரும்பாலும் முதல் ஆறு வாரங்களில்தான். நீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். மீனோ மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடும். மறுநாள் காலையில் மடிந்து கிடக்கும். கண்ணேறு என்பாரும் உண்டு. காரணம் நீரிலேயே இருக்கிறது.

மீனின் கழிவிலிருந்தும், தின்னாது விட்ட இரையிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. இது மீனுக்கு நஞ்சு. வயலுக்கு அம்மோனியம் சல்பேட் இடும் விவசாயிக்கு இதன் போக்கு புதிதன்று. காற்றோட்டமுள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இதனை 1890ஆம் ஆண்டையொட்டி விளக்கியவர் வினோகிராட்ஸ்கி என்னும் ருஷிய அறிஞர். தொட்டியின் வடிகட்டியிலும் இதே வேலை நடைபெறவேண்டும். புதுத் தொட்டியில் அந்நுண்ணுயிர்கள் போதிய அளவில் இல்லை. கடல்நீரில் அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஆகவே முதலில் மீனின்றி, சிறிதளவு இரையை மட்டும் இட்டு, காற்றுப் பம்பை ஓடவிடுதல் வேண்டும். பாலுக்கு உறை மோர் ஊற்றுவது போல, நோயற்ற பழைய தொட்டியின் வடிகட்டியிலிருந்து ஒரு பிடி சிப்பி ஓட்டை எடுத்து இட்டால் காலம் குறையும். அமோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் தென்படாத பிறகே மீன்களை, அதுவும் சிலவாக, விடவேண்டும். நைட்ரைட் கடல்நீரில் நன்னீரில் போல அத்துணைக் கொடியதன்று, அமோனியாவே முதற்பகை.

இங்கே விவசாயிகள் எளிதில் தவறக்கூடிய இடம் ஒன்றுண்டு. கடல்நீரின் பிஎச் அளவு 8.1 முதல் 8.3 வரை இருக்கும். தொட்டியில் அது 7.8க்கு இறங்கியதைக் கண்டதும், புளித்த நிலத்துக்குச் சுண்ணாம்பு இடும் பழக்கத்தில் சுண்ணாம்புத் தெளிநீரை ஊற்றத் தோன்றும். அமோனியா இருக்கும்போது இவ்வாறு செய்தல் மீனைக் கொல்வதாகும். பிஎச் ஓர் அலகு உயர்ந்தால் அமோனியாவின் நச்சுப் பகுதி ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. அரை அலகு உயர்ந்தாலே மூன்று மடங்கு. ஆதலால் முதலில் இரையை நிறுத்துக; காற்றை மிகுதியாக்குக; ஐந்தில் ஒரு பங்கு நீரை நல்ல கடல்நீரால் நாள்தோறும் மாற்றுக. அமோனியா நீங்கிய பின்னரே காரத்தன்மையைக் கவனித்தல் முறை.

நுண்ணுயிர்கள் தம் வேலைக்குக் காரத்தன்மையைச் செலவிடுவதால் அது நாளடைவில் குறையும். 500 லிட்டர் நீருக்கு 20 கிராம் ஆப்பச் சோடாவைக் கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றினால், கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 24 மில்லிகிராம் உயரும். கடலில் இயற்கையாக உள்ளது 115 மில்லிகிராம் அளவே. மிகையாக இட்டால் நீர் பால்போல் கலங்கி, சுண்ணாம்புச் சத்து அடியில் படிந்துவிடும். பிஎச் சோதனையை விடியற்காலையிலும் ஒருமுறை செய்க. இரவெல்லாம் மீன் விட்ட கரிவளி சேர்ந்து அப்போதுதான் அளவு தாழ்ந்திருக்கும். அறையைத் திறந்து காற்றோட்டம் தந்தாலே சரியாகிவிடுவதும் உண்டு.

உப்பின் அளவைப் பற்றியும் சொல்லவேண்டும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. 500 லிட்டர்த் தொட்டியில் 17½ கிலோ. வெயிலில் 50 லிட்டர் ஆவியானால் நீர் மட்டுமே போகிறது, உப்பு போவதில்லை. குறைந்ததைக் கடல்நீரால் நிரப்பினால் லிட்டருக்கு 38½ கிராமாகிவிடும், நன்னீரால்தான் நிரப்பவேண்டும். குழாய் நீரில் குளோரின் இருக்குமாதலால் அதனை நீக்கிய பிறகே ஊற்றலாம். செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் அருகிலும் வரலாகாது. இறாலுக்கும் கடற்சாமந்திக்கும் செம்பு பெருநஞ்சு.

கடலுக்குப் போகும் அலுப்பை நீக்கப் புத்தளத்து உப்பைக் கரைத்தால் போதாதா எனக் கேட்பவர் உண்டு. போதாது. அளத்தில் நீர் வற்றும்போது ஜிப்சம் முன்னரே படிந்து விலகுகிறது. பிறகு சோற்றுப்பு விளைகிறது. மக்னீசியம் நிறைந்த கசப்பு நீர் கடைசியில் வெளியேற்றப்படுகிறது. நாம் வாரி எடுப்பது கடலின் ஒரு பகுதியை மட்டுமே. கடல்நீரில் லிட்டருக்கு 1,300 மில்லிகிராம் அளவு மக்னீசியமும், 400க்குச் சற்று மேல் கால்சியமும் உண்டு. உப்பைக் கரைத்த நீரில் இவை பெயரளவுக்கே இருக்கும். நமக்கோ இரு பருவமழை. மழைக்காலத்தில் மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் பொழிமுகங்களுக்கு அருகே மொண்ட நீர் உப்புக் குறைந்தும் கலங்கியும் இருக்கும். தள்ளிச் சென்று மொள்ளுதல் நலம்.

தொட்டிக்கு அழகாகப் பவளப்பாறை வைக்க விரும்புவோர் கவனிக்க: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளப்பாறைகள் 2001ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன. உயிருள்ளதோ இறந்ததோ, எடுப்பது குற்றம். சுட்ட மண் ஓடுகளும் சிப்பி ஓடுகளும் நுண்ணுயிர் தங்குவதற்குப் போதுமானவை.

ஹைட்ரோமீட்டர் ஒன்றும் அமோனியா, பிஎச் சோதனைப் பெட்டிகளும் ஊருக்குப் பொதுவாகப் பஞ்சாயத்தில் இருப்பது நன்று; குழுவிற்கு ஒன்றாக வாங்குதல் வீண் செலவு. மாற்றிய நீரை எங்கே விடுவது என்பதையும் தொட்டி வைக்குமுன்பே முடிவு செய்தல் வேண்டும். நூறு லிட்டரில் மூன்றரைக் கிலோ உப்பு இருக்கிறது. அது வயற்காலிலோ கிணற்றடியிலோ சேராமல் கடலுக்கே திரும்புமாறு வழி அமைத்துத் தரவேண்டும்.