சீரியல் நம்பர் சொல்லும் வயதை நம்பலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று கேட்டால் உடனே பதில் வரும். சீரியல் நம்பர் என்ன என்று கேட்டால், "அது எங்கே இருக்கும்?" என்று திருப்பிக் கேட்பார்கள். லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். டெஸ்க்டாப்பில் கேபினட்டின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ ஒட்டியிருப்பார்கள்.

இந்த எண்ணை எப்படிப் படிப்பது, அதன் அமைப்பு எப்படியெல்லாம் மாறி வந்திருக்கிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். இதை எழுத ஒரு காரணம் உண்டு. எனக்கு இந்த எண்ணைப் படிக்கத் தெரியும் என்ற நினைப்பில் நானே ஒரு தவறு செய்தேன். அதனால் இன்னொருவர் பணம் போனது.

போனில் படித்த எண்

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் எங்கள் தெருவில் மீன் வியாபாரம் செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவருடைய மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். சீட்டு எடுத்த பணம் 18,000 ரூபாயை வைத்து மகளுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கக் கிளம்பினார்கள். நான் வேலையில் இருந்ததால் கூடப் போக முடியவில்லை. கடையிலிருந்து அந்தப் பெண் போன் செய்தாள்.

"மாமா, எச்.பி. லேப்டாப். ஐ5 ப்ராசசர். ஒன்றரை வருஷம்தான் ஆச்சுன்னு சொல்றாங்க. பில் மட்டும் இல்லையாம். வாங்கலாமா?"

"அடியில இருக்கிற சீரியல் நம்பரைப் படிம்மா" என்றேன்.

அவள் படித்த எண் 5சிடி431 என்று தொடங்கியது. எச்.பி. லேப்டாப்களில் பல ஆண்டுகளாகக் காணப்படும் சீரியல் நம்பரில் 10 எழுத்துகள் இருக்கும். முதல் மூன்றும் தயாரிப்பு இடத்தைக் குறிக்கும் குறியீடு. நான்காவது எழுத்து ஆண்டின் கடைசி இலக்கம். ஐந்தும் ஆறும் வாரத்தின் எண். மீதி நான்கும் அந்த ஒரு மெஷினுக்கு உரியவை. நான்காவது எழுத்து 4, அடுத்து 31. ஆகவே 2024ஆம் ஆண்டின் 31ஆவது வாரம், அதாவது ஜூலைக் கடைசி என்று மனதில் கணக்குப் போட்டேன். கடைக்காரர் சொன்னதும் இதுவும் ஒத்துப் போனது.

"சரியாத்தான் சொல்றாங்க, வாங்கிக்கோ" என்றேன்.

மூன்றாம் நாள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு தாயும் மகளும் வீட்டுக்கு வந்தார்கள். ஆன் ஆக ஐந்து நிமிடம் ஆகிறது என்றார்கள். திறந்து பார்த்தேன். ப்ராசசரின் பெயரில் ஐ5 என்பதற்குப் பின்னால் 4210 என்று இருந்தது. இந்த வரிசையில் முதல் இலக்கமான 4 என்பது நான்காம் தலைமுறை என்று பொருள். 2014இல் வந்த ப்ராசசர் அது. 2024இல் தயாரான லேப்டாப்பில் அது இருக்க வழியில்லை. எச்.பி.யின் இணைய தளத்தில் வாரண்டி பார்க்கும் பகுதியில் முழு எண்ணையும் கொடுத்தேன். வாரண்டி 2015இலேயே முடிந்துவிட்டது என்று வந்தது.

எண் பொய் சொல்லவில்லை. நான்காவது இடத்தில் இருந்த 4, 2014இன் 4. ஓர் இலக்கம் மட்டுமே இருப்பதால் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே எழுத்து திரும்ப வரும். அதை நான் யோசிக்கவில்லை.

இதில் வேக நஷ்டம் மட்டுமல்ல. விண்டோஸ் 11 இன்டெல் ப்ராசசரில் இயங்க எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ தேவை என்பது மைக்ரோசாஃப்ட் வைத்துள்ள பொதுவான விதி. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஆகவே அந்த லேப்டாப்புக்கு முறையாக முன்னேற வழி அடைபட்டுவிட்டது.

எண் அமைப்புகள் பலவிதம்

எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி எண் கொடுப்பதில்லை. முக்கியமான சிலவற்றைப் பார்ப்போம்.

ஆசஸ்: எண்ணின் முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். 8 என்றால் 2008, 9 என்றால் 2009. இலக்கம் தீர்ந்ததும் எழுத்துக்குப் போனார்கள். ஏ என்றால் 2010, பி என்றால் 2011. மாதத்திலும் 1 முதல் 9 வரை இலக்கம், பிறகு அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு ஏ, பி, சி. எழுத்துக்குப் போனதால் பத்தாண்டுக் குழப்பம் இதில் குறைவு.

டெல்: இவர்கள் இதை சர்வீஸ் டேக் என்கிறார்கள். ஏழே எழுத்துகள். இதில் ஆண்டு, வாரம் எதையும் நீங்கள் படிக்க முடியாது. ஒவ்வோர் இடத்திலும் 10 இலக்கம், 26 எழுத்து ஆக 36 குறிகளில் ஒன்று வரலாம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 7,836 கோடி எண்கள் கிடைக்கும். அருகிலேயே எக்ஸ்பிரஸ் சர்வீஸ் கோடு என்று இலக்கங்கள் மட்டுமே உள்ள இன்னொரு எண்ணும் இருக்கும். அது வேறு எண் அல்ல. அதே சர்வீஸ் டேக்கை நம் சாதாரண எண் முறைக்கு மாற்றியது. உதாரணத்துக்கு ஏ1 என்ற இரண்டு எழுத்தை எடுத்துக்கொள்வோம். ஏ என்பதன் மதிப்பு 10. 10ஐ 36ஆல் பெருக்கி 1ஐக் கூட்டினால் 361. இதே கணக்கை ஏழு எழுத்துக்கும் போட்டால் எக்ஸ்பிரஸ் கோடு வரும். போனில் எண்களை மட்டும் அழுத்தும்போது இது வசதி.

ஏசர்: 22 எழுத்துகள் கொண்ட நீளமான சீரியல் நம்பர். இவ்வளவு நீளத்தைப் போனில் படித்தால் தவறு வரும் என்பதால் எஸ்.என்.ஐ.டி. என்று இலக்கங்கள் மட்டுமே உள்ள குறுகிய எண்ணும் அதே ஸ்டிக்கரில் இருக்கும்.

லெனோவோ: ஐ.பி.எம். நிறுவனத்தின் பிசி பிரிவை லெனோவோ 2005இல் வாங்கியது. மெஷின் டைப் ஒரு பக்கம், சீரியல் நம்பர் ஒரு பக்கம் என்ற ஐ.பி.எம். வழக்கம் அதனுடன் வந்தது. வாரண்டி விவரம் கேட்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் அந்நியமானதல்ல. லெனோவோவுக்குப் புதுச்சேரியில் ஆலை உண்டு. எச்.சி.எல். நிறுவனமும் ஒரு காலத்தில் இங்கே கம்ப்யூட்டர் தயாரித்தது. பழைய எச்.சி.எல். டெஸ்க்டாப் உங்கள் வீட்டில் இருந்தால் அதன் ஸ்டிக்கரில் தயாரித்த ஊர் எது என்று பாருங்கள். அது புதுச்சேரியாகவே இருக்கலாம்.

ஆப்பிள் செய்த மாற்றம்

எண் அமைப்பு மாறுவதற்கு ஆப்பிள் நல்ல உதாரணம். 2010 வரை மேக் கம்ப்யூட்டர்களில் 11 எழுத்து எண் இருந்தது. மூன்றாவது எழுத்து ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த இரண்டும் வாரம். எச்.பி.யில் நான் மாட்டிக்கொண்ட அதே பத்தாண்டுச் சிக்கல் இதிலும் உண்டு.

2010இல் 12 எழுத்து எண் வந்தது. இதில் நான்காவது எழுத்து அரை ஆண்டைக் குறிக்கும். 2010இன் முதல் பாதிக்கு சி, இரண்டாம் பாதிக்கு டி என்று தொடங்கினார்கள். குழப்பம் தரும் எழுத்துகளை விட்டுவிட்டு 20 எழுத்துகளைப் பயன்படுத்தினார்கள். ஆண்டுக்கு இரண்டு வீதம் 20 எழுத்தும் பத்து ஆண்டுகளில் தீர்ந்துவிடும். அதனால் 2020இல் மறுபடி சி வந்தது.

2021இல் ஆப்பிள் இந்த முறையையே கைவிடத் தொடங்கியது. புதிய பொருள்களுக்குத் தற்செயலாக அமைந்த எழுத்துகள் கொண்ட எண் கொடுத்தார்கள். தொடக்கத்தில் அது 10 எழுத்து. இதைப் பார்த்து இடம், ஆண்டு, வாரம் எதையும் சொல்ல முடியாது. பழைய மாடல்கள் சில காலம் பழைய முறையிலேயே வந்தன. எனவே கையில் 12 எழுத்து இருந்தால் பழையது, 10 இருந்தால் போலி என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள்.

ஏன் மறைக்க வேண்டும்?

வரிசையாக எண் கொடுத்தால் வெளியார் நிறையத் தெரிந்துகொள்ளலாம். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் புள்ளியியல் நிபுணர்கள் கைப்பற்றிய ஜெர்மன் டாங்கிகளின் சீரியல் எண்களை வைத்து மாதத்துக்கு எத்தனை டாங்கி தயாராகிறது என்று கணக்கிட்டார்கள். 1942 ஆகஸ்டுக்கு அவர்கள் சொன்னது 327. உளவுத் துறை சொன்னது 1,550. போர் முடிந்து ஜெர்மன் பதிவேட்டைப் பார்த்தபோது உண்மை எண்ணிக்கை 342. கம்ப்யூட்டரானாலும் இதே கதைதான். எண்ணைப் பார்த்தே எத்தனை தயாரானது, எங்கே தயாரானது என்று போட்டியாளர் ஊகிக்கலாம். அடுத்த எண் என்னவாக இருக்கும் என்று ஊகித்துப் போலி ஸ்டிக்கர் அடிப்பதும் எளிது. தற்செயல் எண்ணில் இந்த இரண்டும் கடினம்.

நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. எழுத்துகளை வைத்து வயது கணக்கிடும் பழக்கத்தை இனி நம்பக் கூடாது. எண்ணின் உண்மையான வேலை நிறுவனத்தின் பதிவேட்டில் உங்கள் மெஷினைத் தேடித் தருவது. ஆகவே கேட்க வேண்டிய இடம் நிறுவனம்தான்.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

1. ஸ்டிக்கரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பூஜ்யமா ஓவா, ஒன்றா ஐயா என்று கவனித்து எழுதுங்கள்.

2. கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கும் எண்ணையும் பாருங்கள். ஆன் செய்தவுடன் டெல்லில் எஃப்2 கீயையும், எச்.பி.யில் எஃப்10 கீயையும் தட்டினால் பயாஸ் திரை வரும். அதில் சீரியல் நம்பர் அல்லது சர்வீஸ் டேக் இருக்கும். மேக் என்றால் ஆப்பிள் மெனுவில் அபௌட் திஸ் மேக் என்பதைக் கிளிக் செய்யவும்.

3. இரண்டு எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் உடனே திருட்டு என்று சொல்ல முடியாது. மதர்போர்டு மாற்றியபோது எண்ணை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் காரணம் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

4. கடையில் நின்றபடியே போனில் நிறுவனத்தின் இணைய தளத்தைத் திறந்து வாரண்டி பகுதியில் எண்ணைக் கொடுங்கள். இரண்டு நிமிட வேலை. நான் அன்று செய்யாமல் விட்டது இதைத்தான்.

5. ப்ராசசரின் முழுப் பெயரைப் பாருங்கள். ஐ5 என்று மட்டும் சொன்னால் போதாது. பின்னால் வரும் எண் எது என்று கேளுங்கள்.

அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் பயாஸில் சீரியல் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் "டு பி ஃபில்ட் பை ஓ.இ.எம்." என்று ஆங்கிலத்தில் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தயாரிப்பாளர் நிரப்ப வேண்டிய இடம், யாரும் நிரப்பவில்லை என்பதுதான் அதன் பொருள். இந்த வகைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி சீரியல் நம்பர், தனித்தனி வாரண்டி. பில்லில் அவற்றை எழுதி வாங்குங்கள்.

வாங்கிய பின்

ஸ்டிக்கரைப் போன் கேமராவில் படம் எடுத்து வையுங்கள். குருசுக்குப்பம் போலக் கடற்கரை ஓரம் குடியிருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். உப்புக் காற்றும் கை வியர்வையும் பட்டு அச்சு மங்கிவிடும். பில்லின் பின்புறமும் எண்ணை எழுதி வையுங்கள். லேப்டாப் தொலைந்தால் போலீஸ் புகாரில் இந்த எண்ணைக் கேட்பார்கள். லேப்டாப் கையில் இல்லாதபோது எங்கே போய்ப் பார்ப்பது?

படத்தை ஊருக்கெல்லாம் அனுப்ப வேண்டாம். "உங்கள் சீரியல் நம்பர் இதுதானே, உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது" என்று யாராவது போன் செய்தால், எண் தெரிந்திருப்பதால் மட்டும் அவர் நிறுவனத்தின் ஆள் ஆகிவிட மாட்டார். பேச்சை நிறுத்திவிட்டு, நிறுவனத்தின் இணைய தளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே போன் செய்யுங்கள்.

அந்த லேப்டாப் என்ன ஆனது என்று கேட்பீர்கள். மறுநாள் அக்காவுடன் கடைக்குப் போனேன். "நம்பரைப் பார்த்துத்தானே வாங்கினீங்க" என்றார் கடைக்காரர். வாரண்டி விவரத்தைப் போனில் காட்டினேன். நெடுநேரம் பேசியபின் 2,000 ரூபாய் பிடித்துக்கொண்டு 16,000 திருப்பித் தந்தார். அந்த 2,000 ரூபாயை நான் கொடுக்கிறேன் என்றேன். "நீயும் நல்லதுக்குத்தானே தம்பி சொன்ன" என்று அக்கா வாங்க மறுத்துவிட்டார். அடுத்த வாரம் வேறு கடையில் பில்லுடன் ஒரு லேப்டாப் கிடைத்தது. அந்த முறை எண்ணை நிறுவனத்தின் தளத்தில் கொடுத்துப் பார்த்தவள் அந்தப் பெண்தான். நான் பக்கத்தில் நின்றேன்.